சிவப்புக் காரோடு போட்ட சண்டை

பனியன் கம்பெனி ஆபீசில் மெயில் பார்ப்பது என் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் மெயிலைப் படித்து, எந்தக் கலர் சரி, எந்தக் காலரை மாற்ற வேண்டும் என்று தையல் செக்‌ஷனுக்குச் சொல்ல வேண்டும். அங்கே விடிந்து அவர்கள் ஆபீஸ் திறப்பதற்குள் நமக்கு மத்தியானம் ஆகிவிடும். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் இணையத்தில் ஒரு தமிழ்க் கருத்துக்களத்தைக் கண்டுபிடித்தேன்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் படம்தான் ஆள். நான் சூரியகாந்திப் பூ வைத்திருந்ததால் என்னைச் சூரியகாந்தி என்றே கூப்பிட்டார்கள். சமையல், சினிமா, மின்வெட்டு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனித் திரி, ஒவ்வொன்றிலும் அதைப் பற்றிய பேச்சு மட்டும். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் திரையில் தமிழ் வரும். முதன்முதலாக அப்படி ஒரு வரி எழுதி, அதற்கு யாரோ பதில் போட்டிருந்ததைப் பார்த்த அன்று சோறு இறங்கவில்லை எனக்கு. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சமயத்தில் வீட்டில் அண்ணனோடு எனக்குத் தகராறு. டிசைன் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று கம்ப்யூட்டர் வாங்கியவன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். அந்த எரிச்சலில் களத்தில் எழுதினேன்: வீடியோ கேம் வேலையற்றவர்களின் வேலை, மூளைக்குப் பிடித்த துரு.

சிவப்புக் கார் படம் வைத்திருந்தவர் உடனே பதில் போட்டார். "சூரியகாந்தி ஒரு தடவையாவது ஆடிப் பார்த்ததுண்டா? ஆடாமலே தீர்ப்பு எழுதுவது நல்ல வேலையோ?"

அன்று தொடங்கிய சண்டை மாதக்கணக்கில் ஓடியது. நான் ஒன்று எழுதினால் அவர் ஒன்பது எழுதுவார். கிண்டலும் குத்தலும் தாங்காது. கல்லூரியில் படிக்கிற திமிர் பிடித்த பையன் என்றே எல்லோரும் நினைத்தோம். "வாடா மச்சி, போடு" என்று மற்றவர்கள் அவரை ஏற்றிவிடுவார்கள். மத்தியானம் ஆனால் என் கை தானாகக் களத்தைத் திறந்து, கார் என்ன எழுதியிருக்கிறது என்று தேடும்.

களத்தை நடத்திய ஐயா வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு வந்தபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் திருப்பூரில் சந்திக்கலாம் என்று அறிவித்தார். தனியாகப் போகப் பயந்து அண்ணனைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓட்டல் மாடி. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தங்கள் படத்தைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள். மூலையில் முக்காடு போட்ட ஒரு அம்மா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். யாருக்கோ துணையாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் முறை வந்தது.

"நாந்தானுங்க சிவப்புக் கார்" என்றார்.

எல்லோரும் மூலைப் பக்கம் திரும்பினோம். அவரே பேசினார். வீட்டுக்காரர் பட்டன், லேபிள் வியாபாரம். மகன் வெளிநாட்டில். மகனுக்கு மெயில் போடத்தான் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குள் கார் ரேஸ் இருந்தது.

"தனியா இருக்கறதுக்குப் பொழுது போகணுமில்லீங்களா, பாவம்" என்றார் ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர்.

"தனியா இல்லீங்க. ஊடு நிறைய ஆளு. ஆடுனா நல்லா இருக்குது, அதான் ஆடறேன்."

பிறகு என்னைத் தேடிப் பார்த்தார். "நீதானா கண்ணு சூரியகாந்தி? எத்தனை பேச்சுப் பேசுன நீயி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்வரை என் அண்ணனும் அவரும் வளைவில் காரை எப்படித் திருப்புவது என்று பேசித் தீரவில்லை. அவ்வளவு பணிவாக அண்ணன் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு களம் மாறிவிட்டது. மச்சி என்று கூப்பிட்டவர்கள் அம்மா என்றார்கள். அவர் எது எழுதினாலும் "நீங்கள் சொன்னால் சரிதான் அம்மா" என்று ஒதுங்கினார்கள். ரேஸ் பற்றி அவர் எழுதினால், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொட்டு மருந்து சொன்னார்கள். அவர் எழுதுவது குறைந்தது. பிறகு நின்றேபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். பிரியாணி வைத்தார், ஊர்க்கதை பேசினார், களத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, எழுதறதையே உட்டுட்டீங்க?"

"முன்னெல்லாம் சண்டை போட்டாங்க. இப்பக் கும்புடறாங்க. கும்புடறவங்ககிட்ட என்னத்தப் பேசறது கண்ணு? எம்பட வயசு தெரியாத வரைக்கும் நானும் அங்கே ஒரு ஆளா இருந்தேன்." என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்து, "நீயாவது திட்டு" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முதலில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுதினேன். 'சிவப்புக் காருக்குப் பதில் தெரியாமல்தான் வாயடைத்துப் போனது' என்று தலைப்பு வைத்தேன். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று மூன்று பேர் என்னைக் கடிந்துகொண்டார்கள். களத்தை நடத்தியவர் எச்சரிக்கைகூடக் கொடுத்தார். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில் பதில் வந்தது. பழைய குத்தல், பழைய கிண்டல், கூடக் கொஞ்சம் காரம். என் தையல் செக்‌ஷன் அறிவுரையை எல்லாம் சட்டைக் காலரில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஆபீசில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஒரு வாரத்துக்குள் மற்றவர்களுக்கும் பயம் தெளிந்தது. ஈரோட்டுக்காரர்தான் முதலில் எதிர்த்து எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்று என் போனில் எத்தனையோ குழுக்கள். எல்லோருக்கும் பெயர், போட்டோ, சாதி சனம் வரைக்கும் தெரியும். காலை வணக்கத்தோடு சரி. யாரோடும் சண்டை போடத் தோன்றுவதில்லை.

அந்தக் களம் அப்புறம் சில வருடம்தான் ஓடியது; ஒரு நாள் திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. நாங்கள் எழுதிய ஒரு வரியையும் யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. சிவப்புக் கார் அம்மா போன் செய்தார்.

"உனக்கும் வரலியா கண்ணு?"

"வரலீங்கம்மா."

"சரி, அந்தக் காலர் சண்டையில ஜெயிச்சது ஆருன்னு இப்பவாச்சும் சொல்லு."

நான்தான் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மெயில் எல்லாம் வந்து குவிந்துவிட்டது, பேச்சு முடியவில்லை.