சொல்லாமல் விட்ட ஆமென்

வலது கன்னத்தை இடது கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு ஓடும். விட்டால் தோலும் கூடவே வந்துவிடும். லிப்ட் மெக்கானிக்கின் மனைவி இதைக் கற்றுக்கொள்வதற்குள் கணவரின் தாடையில் ஒன்றிரண்டு கீறல் விழுந்திருந்தது. ஜன்னலோரம் கைவைத்த நாற்காலி, கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு, ஸ்டூலின் மேல் சிவப்பு பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர். முதலில் இடது பக்கம்; அந்தக் கன்னத்தை அவரே உப்பிக் காட்டிவிடுவார், சுலபம். பிறகு வலது. கடைசியில் மூக்குக்குக் கீழே, மூச்சு விடாமல். யாருடைய மூச்சு என்றால் இரண்டு பேருடையதும்தான்.

"வலிக்குதா?"

"ஆமென்."

"தண்ணி ரொம்ப சூடா?"

"ஆமென்."

"நான் உலக அழகிதானே?"

"ஆமென்," என்றார், வாயின் இடது ஓரத்தால் மட்டும் சிரித்தபடி.

அந்த வருஷத்தை இன்றைக்கும் அந்த வீட்டில் 'அப்பாவோட ஆமென் வருஷம்' என்றுதான் சொல்வார்கள். பேசினும் நாற்காலியும் எப்போதோ போய்விட்டன. பேச்சு மட்டும் போகவில்லை. நாலு பேர் சேர்ந்தால் யாராவது ஒருவர் அதை ஆரம்பித்துவிடுவார்.

வருஷம் நன்றாகத்தான் தொடங்கியது. மூத்த மகனுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண், தலையில் மருந்துக்குக்கூட முடி இல்லை. மெக்கானிக், வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி, கிரீஸ் வாசம் போகாத கையோடு பேத்தியைத் தூக்கி மேலே உயர்த்தி, கீழே இறக்கி, "எந்த மாடிக்கும்மா போகணும்?" என்று கேட்டார். நர்ஸ் கைகழுவச் சொல்லி விரட்டினாள்.

அதற்கடுத்து இளைய மகளின் விஷயம் வந்தது. மருந்துக் கடை கவுண்டரில் நின்று ஊருக்கே மாத்திரை கொடுக்கிறவள். வீட்டில் இன்னும் பாப்பாதான். ஒரு சனிக்கிழமை, அப்பா டோஸ்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். பையன் பல்செட் செய்கிறவன். சொந்தப் பட்டறை. நல்ல குணம். வேதக்காரக் குடும்பம்தான், ஆனால் கைதட்டிப் பாடுகிற சபை.

மெக்கானிக் வேதாகமத்துக்கு அடுத்தபடி பாட்டுப் புத்தகத்தை மதிக்கிறவர். ஆலயத்தில் காணிக்கைத் தட்டு எடுக்கிறவர். டிரம் சத்தம் கேட்டால் யாரோ லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார். அன்றைக்கு ஒரு ஸ்க்ரூவை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அதை எடுத்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன் பாப்பா" என்றார்.

மறுநாள் காலை ஆலயத்துக்குப் புறப்பட்டு, ஒரு காலில் ஷூ மாட்டியவர், இன்னொரு ஷூவைக் கையில் பிடித்தபடியே தரையில் சரிந்தார். தூக்கி நிறுத்தியபோது வலது பக்கம் கூடவே எழவில்லை. பேச்சும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பல நாள் முனகல்கூட இல்லை. ஒரு சாயங்காலம் போதகர் வந்து கட்டில் கால்மாட்டில் நின்று ஜெபம் பண்ணினார். முடிக்கும்போது தலையணையிலிருந்து தெளிவாக, ஆலயத்தில் சொல்கிற அதே குரலில், "ஆமென்" என்று வந்தது. மகன் அழுதான், மருமகள் அழுதாள், போதகருக்கும் கண் கலங்கியது. மனைவி மட்டும் அவர் வாயோரம் எச்சில் வழிகிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டாள். அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கும், எச்சில் காத்திருக்காது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினாள். யோசித்துப் பேசுகிற பேச்சு போய்விட்டது, காலமெல்லாம் சொல்லிப் பழகிய வார்த்தை தானாக வருகிறது. அவரால் அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்ல முடியும். தலையாட்டலையும் நம்ப வேண்டாம். 'வேண்டாம்' என்று நினைத்துக்கொண்டே மேலும் கீழும் ஆட்டுவார்.

மனைவி பிழைப்புக்கு வேண்டிய ஆமென்களைப் பிரித்துக்கொண்டாள். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் பெட்பேன், உடனே. இரண்டு தரம் சொன்னால் முதுகில் எங்கோ அரிக்கிறது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்த மாதிரி நடித்ததில்லை.

நடுவில் மெக்கானிக்கின் அண்ணன் இறந்துபோனார். சக்கர நாற்காலியில் வைத்து அடக்க ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சபையில் ஒருவர் எழுந்து, "இவர் வாழ்நாளில் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னது கிடையாது" என்று புகழ்ந்தார். "ஆமென்!" என்றது சக்கர நாற்காலி. இறந்தவர் வாயைத் திறந்தால் தெருநாய் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாட்சியா, குத்தலா என்று புரியாமல் கூட்டம் திகைத்தது. விதவை முக்காட்டுக்குள் குலுங்கியதை அழுகை என்று நினைத்தார்கள். பிற்பாடு அவளே சொன்னாள்: "எனக்கு அன்னிக்கு அது ஒண்ணுதான் ஆறுதலே."

பேத்தியின் ஞானஸ்நானத்திலும் இதே கதை. போதகர் குழந்தையைக் கையில் வாங்கி, "பேர் என்ன?" என்றார். மகன் வாயைத் திறப்பதற்குள் தாத்தா, "ஆமென்!" என்றார்.

"அது கடைசியில வர்ற வார்த்தைங்க ஐயா, இப்பத்தானே ஆரம்பிக்கிறோம்," என்றார் போதகர். ஆலயமே சிரித்தது. அந்தப் பெண் இன்று காலேஜ் போகிறாள். வீட்டில் அவள் பெயர் ஆமென் குட்டிதான்.

எல்லோரும் சிரித்தபோது சிரிக்காதவள் பாப்பா ஒருத்தி. தான் கேட்டதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆனது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். அப்பாவின் வலது பக்கத்தில் உட்காரமாட்டாள். இறங்கிப்போன அந்தக் கன்னத்தைப் பார்க்கமாட்டாள்.

"பிரஷர் மாத்திரையை மாசக்கணக்கா அலமாரியில ஒளிச்சு வச்சது நீயா, உங்கப்பாவா?" என்று அம்மா கேட்டாள். "மருந்துக் கடையில நிக்கிறவ, உனக்கு நான் சொல்லணுமா?"

"நாளைக்குச் சொல்றேன்னாரும்மா. என்ன சொல்ல இருந்தார்னு தெரியாம நான் எப்படி மோதிரம் மாத்திக்கிறது?"

ஒருநாள் கேட்டும் பார்த்தாள். "அப்பா, நான் அவரைக் கட்டிக்கட்டுமா?"

"ஆமென்."

பாப்பாவின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. "கட்டிக்க வேணாமா?"

"ஆமென்."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா பின்னாலேயே போகவில்லை. போய் என்ன சொல்வது? 'அப்பா சரின்னுதான் சொல்றார், எனக்குத் தெரியும்' என்று ஒரு பொய் சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் அவளுக்கும் தெரியாதே.

தெரியும் என்றவர் ஒரே ஒருவர், மெக்கானிக்கின் அக்கா. பள்ளி ஹாஸ்டல் ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு வார்டன் அத்தை. ஒரு தம்பி போய்விட்டான், இன்னொரு தம்பியும் இப்படி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அவன் காலைப் பிடித்துவிடுவார்.

"என் தம்பிக்கு வாய் இருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பான். நம்ம வீட்டுல யாரு கோயில்ல கைதட்டியிருக்கா?"

"தூங்கினவங்க நிறைய இருக்காங்க அத்தை," என்றாள் பாப்பா.

"பாத்தியா வாயை!"

"அண்ணி, உங்க பல்செட் அந்தப் பையன் செஞ்சதுதான்," என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "அவன் குடுத்த பல்லாலேயே அவனைக் கடிக்கிறீங்களே."

"பல் நல்லாத்தான் செய்றான். நான் இல்லைன்னு சொன்னேனா?"

மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு சாயங்காலம், வழக்கம்போல மேஜையைச் சுற்றிக் குடும்ப ஜெபம். அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. ஒவ்வொருவராக ஜெபிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் முடிவில் ஆமென் சொல்வது குடும்பத் தலைவர்தான். அவர் சொல்லும்வரை யாரும் கண்ணைத் திறக்கக்கூடாது, சூப் மூடியைத் தொடக்கூடாது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பசியில், "சீக்கிரம் சொல்லுங்கப்பா" என்று கெஞ்சுவார்கள். அவர் அசையமாட்டார். "ஆமென்னா கையெழுத்து மாதிரிடா. என்ன எழுதியிருக்குன்னு பாக்காம போடலாமா?" என்பார். அந்த ஸ்டீல் தட்டுகளின் சில்லிப்பும் மூடிய கண்ணுக்குள் மிதந்த சூப் வாசனையும் மகனுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அன்று மகன் ஜெபித்தான்; "ஆமென்" விழுந்தது. மருமகள் ஜெபித்தாள், விழுந்தது. பாப்பா எல்லோருடைய சுகத்துக்காகவும் ரெண்டு வரி சொன்னாள், விழுந்தது. வார்டன் அத்தை தொண்டையைக் கனைத்தார்.

நேரே திட்ட முடியாததை ஆண்டவர் வழியாகத் திட்டுவதில் அத்தைக்கு நல்ல அனுபவம். ஹாஸ்டல் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். "அன்பின் ஆண்டவரே, பெத்தவங்க மனசை அறியாத பிள்ளைகளுக்கு நல்ல புத்தியைக் குடுங்க. எங்கேயோ தட்டிப் பாடுற இடத்துல மயங்கி நிக்கிற எங்க வீட்டுப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டாங்க சாமி. வாயில்லாத என் தம்பியோட மனசு உமக்குத் தெரியும். இந்தச் சம்பந்தம் கூடி வராம நீரே தடுத்து நிறுத்தும்..."

முடித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

நாய் குரைத்தால் ஆமென், குக்கர் விசில் அடித்தால் ஆமென், தும்மினால்கூட ஆமென் என்கிற மனிதரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. குழந்தை ஸ்பூனால் மேஜையைத் தட்டியது. மூடிய கண்ணோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"ஆமென் சொல்லுடா தம்பி," என்றார் அத்தை மெதுவாக.

இல்லை.

"தூங்கிட்டானா?"

மெக்கானிக்கின் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். ஆமெனுக்கு முன்னால் ஒரு கண்ணைத் திறந்தாள். அவர் தூங்கவில்லை. கண்ணை இறுக மூடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தானாக மூடாத வலது உதட்டோரத்தை இடது கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வார்த்தை தவறி வெளியே வந்துவிடாதபடி அவரே வாயைப் பூட்டியிருந்தார்.

அவள் கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். நீளமாக ஜெபிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆண்டவருக்கும் வேலை இருக்கும் என்பாள். "ஆண்டவரே, எங்க பாப்பாவும் அந்தப் பல்செட் தம்பியும் ஒண்ணாச் சேர்ந்து நல்லா இருக்கணும். அவ்வளவுதான்."

"ஆமென்!"

தட்டு அதிர்ந்தது. பயந்துபோய்க் குழந்தை அழ ஆரம்பித்தது. எல்லோரும் கண்ணைத் திறந்தபோது மெக்கானிக் விரலை வாயிலிருந்து எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சூப் மூடியைத் திறந்தாள். "என்னடி பாக்கிறே? சொல்லிட்டார். அவருக்கு அந்த 'நாளைக்கு' கொஞ்சம் லேட்டா வந்திருக்கு."

அத்தை சூப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சூப் ஆறிப்போச்சு," என்றார். "சுட வைங்கம்மா. அவனுக்கு ஆறினதைக் குடுக்காதீங்க."

மறுநாள் காலை வெந்நீர்ப் பேசினை ஜன்னலோரம் கொண்டுபோனது பாப்பா. அப்பாவின் வலது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா வாசற்படியில் நின்று, "மேல இழுத்துப் பிடி, பயப்படாதே, அது கன்னம்தான்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தாள். மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கீறல் விழுந்தது. "ஆமென்!" என்று அவர் கத்தினார். இந்த ஆமென் எந்த ரகம் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளறையில் இரவு தங்கியிருந்த வார்டன் அத்தை கிளாஸ் தண்ணீரிலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். "கீழ்ப்பல்லு ஒரு பக்கமா உரசுது. அந்தப் பையன் எத்தனை மணிக்குப் பட்டறை திறப்பான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அதெல்லாம் அப்புறம் கேக்கலாம் அண்ணி. முதல்ல ஷூவைப் பிடிங்க," என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

அத்தை ஒரு காலிலும் பாப்பா மறுகாலிலுமாக ஷூ மாட்டிவிட்டார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நாலு பேரும் போதகர் வீட்டுக்குப் போய், ஆலயத்தில் வாசிக்கிற கல்யாண அறிவிப்புக்குப் பெயர் கொடுத்தார்கள்.