ஒரு சொல்லை நம்பி இருந்தவர்

லேத் பட்டறையில் அவருக்குப் 'புருஷர்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோய்விட்டது. சுழலும் இரும்பிலிருந்து தெறித்த துணுக்கு யார் கையையாவது பதம் பார்த்து, அந்த ஆள் 'ஐயோ' என்று துள்ளினால் போதும், பக்கத்து இயந்திரத்திலிருந்து இவர் குரல் வரும்: "புருஷராயிருங்கள்!"

அது பைபிளில் வரும் வேத வசனம். பட்டறைக்காரர்களுக்கு அதெல்லாம் தெரியாது. "வீட்லதான் நாள் பூரா புருஷரா இருந்து சாகறோம், இங்கயாவது நிம்மதியா இருக்க விடுங்கண்ணே" என்று சிரிப்பார்கள். அவர் சிரித்ததில்லை.

அந்தச் சொல் அவருக்குள் இறங்கிய இடம் கல்லறைத் தோட்டம். அம்மாவைப் புதைத்த அன்று மண்ணில் புரண்டு அழுத சிறுவனை அப்பா பிடரியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. சொல்ல வேறொன்றும் வாய்க்கவில்லை, மனப்பாடமாக இருந்தது வந்துவிட்டது. "புருஷராயிருங்கள்னு வேதம் சொல்லுது. எந்திரிடா." எழுந்தான். அதன் பிறகு அந்தக் கண்களில் நீர் வந்ததெல்லாம் வெங்காயத்தாலும் இரும்புத் தூசியாலும்தான்.

கல்யாணம் ஆனது. மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பள்ளிச் சீருடை தைத்தாள். வாயாடி, அவர் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசுவாள். ஒரே மகன். அம்மாவைப் போல இளகின மனசு. தெருநாய்க்குக் காலில் அடிபட்டால் அதற்குக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வருவான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மெதுவாகக் கேட்டான்.

"நர்சிங் படிக்கட்டுமாப்பா?"

"அது பொம்பளைங்க வேலை. நாளைக்கு என்கூடப் பட்டறைக்கு வா."

மனைவி குறுக்கே பேசிப் பார்த்தாள். எடுபடவில்லை.

பட்டறைக்குப் போக ஆரம்பித்த கொஞ்ச நாளில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் சிக்கிய இரும்புச் சுருளை மகன் கையால் பிடித்து இழுத்தான். சுருளுக்குக் கத்தியின் கூர். வலது கை விரலில் ஆழமாக இறங்கிவிட்டது. வெளுத்துப்போய் நின்றவனின் கையை அவர் அழுக்குத் துணியால் சுற்றிக் கட்டினார். "இதெல்லாம் ஒரு காயமா? கையில இருக்கிற வேலைய முடி. புருஷனா இரு." மகன் முடித்தான். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, விரலை மடக்கும் நரம்பு அறுந்திருந்தது. தையல் போட்டார்கள், புண் சீழ் வைத்து, ஆறுவதற்குள் விரல் கட்டைபோல விறைத்துவிட்டது. அப்புறம் அது மடங்கவே இல்லை.

காயம் ஆறியதும் மகன் வீட்டைவிட்டுப் போனான். ஓட்டலில் தட்டுக் கழுவி, அந்த மடங்காத விரலோடு நர்சிங் படித்து, தூரத்து நகரம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மாவோடு போனில் பேசுவான். 'அப்பா எப்படி இருக்கார்' என்று ஒப்புக்குக் கேட்டு வைத்துவிடுவான்.

வருடங்கள் போயின. சபையில் புதிய மொழிபெயர்ப்பு வேதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாசிக்கும் முறை மனைவிக்கு வந்தது. அவள் வாசிக்க வாசிக்க, அவர் உதடுகளும் பழைய வாசகத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தன. அவருடைய சொல் வரவேண்டிய இடத்தில் "துணிவோடு இருங்கள்" என்றாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தைய முழுங்கிட்டியே."

"நான் எங்க முழுங்கினேன்? அதுல அப்படித்தான் போட்டிருக்கு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். அந்த வசனத்தில் புருஷர் யாரும் இல்லை. நேரே போதகரின் அறைக்குப் போனார்.

"வேதத்தையே மாத்திட்டீங்களே பாஸ்டர்?"

போதகர் வயதில் சின்னவர். நாற்காலியை இழுத்துப் போட்டார். "மாத்தல அண்ணே. கிரேக்க மூலத்துல இருக்கிற சொல்லு, ஆண்ங்கிற சொல்லுல இருந்து பிறந்ததுதான். ஆனா அந்த ஜனங்க பேச்சுல அதுக்கு தைரியமா இருங்கன்னு அர்த்தம். சபை மொத்தத்துக்கும் எழுதினது, பொம்பளைங்களும் சேர்த்துதான். பழைய மொழிபெயர்ப்பு வார்த்தையப் பிடிச்சுக்கிச்சு, புதுசு அர்த்தத்தப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டும் தப்புன்னு சொல்ல முடியாது."

"அப்ப, அழக்கூடாதுன்னு..."

"அப்படி எங்க இருக்கு? இயேசுவே சிநேகிதன் செத்த இடத்துல அழுதாரே. அடுத்த வசனம் என்ன? எதச் செஞ்சாலும் அன்போட செய்யுங்கன்னுதானே?"

அவர் அதை வாசிக்காதவரா? கண் அந்த வரியைத் தாண்டித் தாண்டிப் பழகியிருந்தது.

வேறொருவருக்கு மனசு லேசாகியிருக்கும். அவருக்குக் காலடி மண் சரிந்தது. வசனம் வசனமாக இருந்தவரை, அந்த விரலுக்கு அவர் பொறுப்பில்லை. சொன்னதைச் செய்தவர், அவ்வளவுதான். இப்போது அது முழுக்க அவர் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து, "அவனுக்குப் போன் போடு" என்றார். மனைவி போட்டுக் கொடுத்தாள்.

"சொல்லுங்கப்பா" என்றான் மகன்.

"விரல் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"அந்த வசனம்... அது அப்படி இல்லையாம்ப்பா."

"தெரியும்ப்பா. இங்க ரொம்ப நாளா புதுசுதான் வாசிக்கிறாங்க."

"நான் தெரியாம..."

"சரிப்பா, விடுங்க. பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன்."

"விடாம போடுங்க. டியூட்டிக்கு நேரமாச்சு, வச்சிடறேன்."

குரலில் கோபம் துளியும் இல்லை. வார்டில் படுத்திருக்கும் முன்பின் தெரியாத கிழவரிடம் பேசுகிற பக்குவமான குரல்.

"திட்டினானா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்ல."

"திட்டியிருக்கலாம்" என்றவள், முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவர் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டார். அழுதுவிட்டால் தேவலை போலிருந்தது. முகத்தைக் கோணிப் பார்த்தார். தொண்டையிலிருந்து வறட்டு இருமல்தான் வந்தது.

அடுத்த வருடம் மகனுக்குக் குழந்தை பிறந்தது. அம்மாவை வரச் சொன்னான். "அப்பாவும் வரட்டுமாடா?" என்றதற்கு, "வீட்ல இடம் பத்தாதும்மா" என்றான். மனைவி அதை அப்படியே சொன்னாள். மாற்றிச் சொல்ல அவளுக்கு வராது.

பஸ் நிலையம்வரை பையைச் சுமந்து வந்தார். ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டுக் கீழே நின்றார்.

"தனியா இருந்துடுவீங்கல்ல?"

"இருந்துடுவேன். அவன்கிட்ட..." வண்டி உறுமியது.

"என்னங்க? கேக்கல!"

"ஒண்ணுமில்ல. தூசி அடிக்குது, கண்ணாடிய இழுத்து விடு."

அவள் இழுத்து விட்டாள்.