பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் இசக்கிமணியின் காதில் விழுவது ஒரே கேள்விதான். "தண்ணி விழுதா?" சுந்தரபாண்டியன் லாட்ஜின் கவுண்டரில் உட்கார்ந்து போன் எடுப்பது அவன் வேலை. மதுரையிலிருந்து கேட்பார்கள், கோயம்புத்தூரிலிருந்து கேட்பார்கள், அடுத்த தெருவில் நிற்கிறவன்கூடக் கேட்பான். எல்லாருக்கும் இவன் ஒரே பதில்தான் வைத்திருந்தான். "சும்மா கொட்டோ கொட்டுன்னு கொட்டுது சார்!" பாறை காய்ந்து கிடக்கும். குரங்குகூடத் தண்ணீருக்கு வேறு இடம் தேடிப் போயிருக்கும். இவன் வாயில் மட்டும் அருவி நிற்காது.

நம்பி வந்தவர்கள் சும்மா விடுவார்களா? நனையாத துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கவுண்டருக்கு வருவார்கள். போன சீசனில் ஒரு திருமங்கலத்துக்காரர் சட்டையையே பிடித்துவிட்டார். முதலாளி சுந்தரபாண்டியன் அன்றைக்கே கறாராகச் சொன்னார். "ஏலே, இனி ஒரு ஆளு வந்து நீ பொய் சொன்னேன்னு சொல்லட்டும். அன்னைக்கே உன் சீட்டக் கிழிச்சிருவேன்."

நாற்பத்தெட்டு வயதில் இந்த வேலையை விட்டால் வேறு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? வீட்டில் மனைவி அனுசியாவும், "வேலை போச்சுன்னா இந்தப் பக்கம் வந்துராதீக" என்று சொல்லிவிட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது மட்டும் அவன் மண்டையில் உதிக்கவே இல்லை. மொட்டை மாடியில் நாலு பக்கமும் திரும்புகிற ஒரு கேமராவை வைத்து, அருவியை அப்படியே நேரலையில் காட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. கண்ணால் பார்த்துவிட்டு வருகிறவன் யார் சட்டையைப் பிடிப்பான்? முதலாளிக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. "நல்லதா பாத்து வாங்கு. சொதப்புன, நீயும் கேமராவும் சேந்து வெளிய."

நல்லது எது என்று போனில் தேடினான். ஒரு கேமராவின் பெயரைப் போட்டதும் ஏதோ ஒரு தளம் திறந்தது. எந்தக் கருவியின் பெயரைக் கொடுத்தாலும் அது ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகக் கொட்டியது. கூடவே பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போட்டிருந்தது. அடேயப்பா, கேமராவுக்குக்கூடப் பரீட்சை வைக்கிறான்களே! நாலு கேமராக்களைப் போட்டுப் பார்த்தான். ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்கு ஐந்தரை. இன்னொன்றின் பெயரே அங்கே இல்லை. பரீட்சையே எழுதாத பயல் என்று அதைத் தள்ளிவிட்டான். கடைசிக்கு ஒன்பது புள்ளி எட்டு, அதுவும் சிவப்பில்! பக்கத்தில் ஏதோ ஒரு ஆங்கில வார்த்தையும் இருந்தது. மார்க்கைப் பார்த்தவன் வார்த்தையை எதற்குப் பார்க்கப்போகிறான்?

தென்காசியில் கேமராக் கடை வைத்திருக்கும் அகமது கபீர் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். "பழைய மாடலாச்சே, இதப் போயி தேடி வாரீரு?"

"மார்க்கப் பாத்துட்டுத்தான் பாய் வந்திருக்கேன்" என்றான் இசக்கிமணி. போகவே போகாது என்று மூலையில் போட்ட சரக்கு போகும்போது எந்த வியாபாரி மேற்கொண்டு கேள்வி கேட்பான்?

கேமராவை மாட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாசலில் ஃப்ளெக்ஸ் வேறு கட்டினான். கம்பெனிப் பெயர், மாடல் நம்பர் எல்லாம் கொட்டை எழுத்தில். கீழே, 'பத்துக்கு 9.8 வாங்கிய கேமராவில் அருவியைக் காணுங்கள்.' அதையே படம் பிடித்து லாட்ஜின் இணையப் பக்கத்திலும் ஏற்றிவிட்டான்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. போன் குறைந்தது. போன் குறைந்தால் இசக்கிமணிக்குக் கால் ஒரு இடத்தில் நிற்குமா? மத்தியான வேளையில் கவுண்டரைப் பூட்டிவிட்டு, எண்ணெய் தேய்த்துவிடுகிற மாடனைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், கோவணத்தோடு குப்புறப் படுத்துவிடுவான். கேமரா அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நம்மை எங்கே பார்க்கப்போகிறது என்ற தைரியம்.

ஒரு சனிக்கிழமை அப்படிக் கிடக்கும்போது முதலாளி தென்காசியிலிருந்து கூப்பிட்டார்.

"எங்கன இருக்கலே?"

"கவுண்டர்லதான் அண்ணாச்சி. அங்கன இங்கன அசையல."

"தண்ணி விழுதா?"

"கொட்டுது அண்ணாச்சி."

"ஆமா, எண்ணெயில்லா கொட்டுது. இடது தோள்ல இன்னும் படல. மாடன நல்லாத் தேய்க்கச் சொல்லு."

இசக்கிமணி மெல்லத் தலையைத் தூக்கினான். கேமரா அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து ஓடினான், கூடவே திரும்பியது. துண்டுக்குப் பாய்ந்தான், அங்கேயும் திரும்பியது. அன்றைக்கு அருவி பார்க்க உட்கார்ந்த அத்தனை பேரும் இசக்கிமணியைத்தான் பார்த்தார்கள்.

முதலாளி கையோடு மகள் ஸ்வாதியையும் காரில் கூட்டி வந்தார். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். "ஒம்போது புள்ளி எட்டு வாங்குன கேமராம்மா!" என்று இசக்கிமணி அந்தத் தளத்தை நீட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"மணி மாமா, எந்தெந்தக் கருவிக்குள்ள வெளி ஆளு நுழைய என்னென்ன ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிச்சு வச்சிருக்கத, தேடிப் பாக்குற இடம் இது. மார்க் கூடக் கூட ஓட்டை பெருசு. ஒம்போது புள்ளி எட்டுன்னா எவனும் எங்கன இருந்தும் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ள வந்து இதத் திருப்பலாம். நீங்க மாடல் நம்பரோட ஃப்ளெக்ஸ் வேற அடிச்சு அழைச்சிருக்கீங்க!"

"அப்போ அந்தப் பேரே இல்லாத கேமரா?"

"அதுல இதுவரைக்கும் ஓட்டை எதுவும் பதிவாகல."

எண்ணெய்க்கு மேலே இசக்கிமணிக்கு வேர்த்தது.

ஸ்வாதி கேமராவின் வயரைப் பிடுங்கினாள். முதலாளி கவுண்டருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அடுத்த போன ஸ்பீக்கர்ல போடு. கடைசி சான்சு."

மணி அடித்தது. மதுரை ஆள். "தண்ணி விழுதா?"

கொட்டோ கொட்டு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்குவதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது. "சொட்டுது சார். உச்சந்தலை நனையாது. இப்ப வராதீங்க."

முதலாளியின் முகம் தொங்கியது. பொய் சொன்னாலும் வேலை போகும், உண்மை சொன்னாலும் போகும்போலிருக்கிறதே, இது என்ன பிழைப்பு என்று நினைத்தபடி இசக்கிமணி போனை வைக்கப் போனான்.

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "நீங்க அந்த எண்ணெய் அண்ணாச்சிதான? குற்றாலத்துல உண்மை பேசுற ஒரே ஆளு நீங்கதாங்க! தண்ணி விழுந்ததும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க. ரெண்டு ரூம் எங்களுக்கு."

முதலாளி ரெண்டு ரூமையும் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, "டீ குடிக்கியாலே?" என்றார். வேலை தப்பியது என்று அர்த்தம்.

உயிர் வந்த குஷியில் இசக்கிமணி ஸ்வாதியிடம் கேட்டான். "எம்மா, அதுல என் பேரப் போட்டா எவ்வளவு வரும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "உனக்காலே? பத்துக்குப் பத்து!"

வீட்டில் அனுசியா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும்தான் அந்த நேரலையைப் பார்த்திருந்தாள். "வேலை போச்சா?"

"போகுமா? முதலாளி இன்னைக்கு அவரு வாயாலயே எனக்குப் பத்துக்குப் பத்து போட்டுட்டாருட்டி" என்றான் இசக்கிமணி. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.