கரியைக் கூட்டினீர்கள், பாத்திரத்தை வெட்டினீர்கள்

போட்டோ மாஸ்டரே, ஜீவனஹள்ளி செல்வியின் பிழைப்பில் மண்ணைப் போட்டது நீங்கள்தான்.

பெயரை எழுதவில்லை. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியில் வகுப்பு நடத்துகிறவர், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை போடுகிறவர்... படித்தால் அவருக்கே புரியும்.

நான் எதற்கு அங்கே போய்ச் சேர்ந்தேன்? எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் எடுக்கும் படங்களில் யாருக்காவது தலை இருக்காது. "அண்ணி, போன தடவ எடுத்த குடும்ப போட்டோல என் புடவை மட்டும்தான் வந்திருக்கு" என்றாள் நாத்தனார். அந்த ரோஷத்தில் பணம் கட்டினேன். வார இறுதி வகுப்பு. படம் எடுக்கவும் சொல்லித் தருவார்களாம், எடிட் பண்ணவும் சொல்லித் தருவார்களாம்.

வகுப்பு முழுக்க ஐ.டி. பிள்ளைகள். சேலம், கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் என் ஸ்கூட்டரைவிட விலை அதிகமான கேமரா. என் கையில் போன். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல மேடம், கண்ணுதான் முக்கியம், கேமரா இல்ல" என்றார். சொல்லிவிட்டு மதியம் வரை லென்ஸ் பற்றியே பேசினார்.

நல்லதும் சொன்னார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரை எடுக்காதே, முகம் இருட்டிவிடும். எடுக்கும் முன் லென்ஸைத் துடை. இந்த இரண்டாவது எனக்குப் பெரிய உதவி. என் படங்களில் பாதி மங்கலுக்குக் காரணம் சமையல் எண்ணெய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு 'போட்டோ வாக்', தெருவில் நடந்துகொண்டே படம் எடுப்பதாம். எங்கே? ஜீவனஹள்ளி.

நான் இருப்பது லிங்கராஜபுரம். ஜீவனஹள்ளிக்கு நடந்தே போய்விடுவேன். அப்படிப்பட்டவளை மல்லேஸ்வரத்துக்கு வரவழைத்து, வேனில் ஏற்றி, மறுபடியும் என் வீட்டுப் பக்கமே கொண்டுவந்து இறக்கினார்கள்.

"அங்க லைஃப் ரொம்ப ராவா, பச்சையா இருக்கும்" என்றார் மாஸ்டர்.

மல்லேஸ்வரத்தில் மட்டும் என்ன, எல்லாரும் வெந்தா இருக்கிறார்கள்? அவர் தெருவிலும் ஓட்டை பனியனோடு வாசலில் காபி குடிக்கிறார்கள், முதுகு சொறிகிறார்கள். ஏன் அங்கே எடுப்பதில்லை? எடுத்தால் யாருடா நீ என்று கேட்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஜீவனஹள்ளியில் ஒரு சந்தில் செல்வி உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆபீஸுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவள். ஆபீஸுக்கு ஞாயிறு லீவு. அதனால் அன்றைக்குத்தான் எல்லாப் பாத்திரத்தையும் வெளியே இழுத்துப்போட்டு அடிக்கரி போகத் தேய்ப்பாள். முழங்கை வரை கரி. வியர்வையைத் துடைத்ததில் கன்னத்திலும் ஒரு தீற்று. பக்கத்துச் சுவரோரம் தேய்த்து முடித்த பாத்திரங்கள் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. கண் கூசியது, அத்தனை பளபளப்பு.

கேமராக்கள் அவளைச் சூழ்ந்துகொண்டன.

"இன்னா சார், சினிமாவா?" என்று சிரித்தாள்.

"நீங்க உங்க வேலைய பாருங்கம்மா. எங்கள பாக்காதீங்க" என்றார் மாஸ்டர்.

"மூஞ்சிக்கு நேரா நின்னுக்குனு பாக்காதேன்னா எப்படி சார்?"

"சிரிக்காதீங்க. ஸ்வல்ப கீழ பாருங்க."

"இரு சார், மூஞ்ச கழுவினு வரேன். போட்டோன்னா ஒரு பவுடராவது வேணாமா?"

"பேடா, பேடா, கழுவ வேணாம். அப்படியே இருங்க. அதுதான் நேச்சுரல்."

சிரிக்கக் கூடாது. நிமிரக் கூடாது. முகம் கழுவக் கூடாது. இதற்குப் பெயர் நேச்சுரலாம்.

நானும் போனில் ஒன்று எடுத்தேன். கை ஆடிவிட்டது. செல்வியின் சிரிப்பு, பாத்திர வரிசை, குனிந்து நிற்கும் மாஸ்டரின் பின்புறம், யாரோ நிறுத்திய பைக், மூலையில் என் கட்டை விரல் என்று எல்லாமே விழுந்திருந்தது. "அக்கா, எனக்கு அனுப்பி வுடுக்கா" என்று செல்வி நம்பர் கொடுத்தாள். அங்கேயே அனுப்பினேன்.

அடுத்த வகுப்பில் எடிட்டிங். திரையில் மாஸ்டர் எடுத்த செல்வி. முதலில் இரண்டு பக்கமும் வெட்டினார். பாத்திரங்கள் போயின. "கதைக்கு தேவையில்லாதத தூக்கிடணும்" என்றார். கலரை எடுத்தார். ஊதா சேலை கந்தலானது. பிறகு கிளாரிட்டி என்று ஒரு கோடு, அதன் மேல் ஒரு சின்ன உருண்டை. அதைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். முகத்தில் இருந்த கோடெல்லாம் பள்ளமானது. கன்னத்துக் கரி தீக்காயம் போல் படர்ந்தது. நாற்பது வயதுக்காரி கண்ணெதிரே கிழவியானாள். வகுப்பு கை தட்டியது.

எப்படி எடுக்கக் கூடாது என்பதற்கு என் படத்தைப் போட்டுக் காட்டினார். "மேடம், ஃபிரேமுக்குள்ள ஒரு மார்க்கெட்டே இருக்கு. இதுல எது சப்ஜெக்ட்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

டீ நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் ஒரு கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தார். மணப்பெண் முகம். அதே கிளாரிட்டி, அதே உருண்டை. இந்த முறை இடப்பக்கம் இழுத்தார். பரு போனது, கண்ணுக்குக் கீழே கருப்பு போனது. முகம் பால்கோவா மாதிரி ஆனது.

காசு கொடுத்தவருக்கு இடப்பக்கம், கொடுக்காதவருக்கு வலப்பக்கம். மொத்த எடிட்டிங் பாடமும் இதுதான். இதற்கு எதற்கு நாலு வாரம்?

வகுப்பு முடிந்ததும் கண்காட்சி வைத்தார்கள். செல்வியின் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. தலைப்பு 'பசி'. கீழே 'ஜீவனஹள்ளி'. யாரோ அதை போனில் எடுத்து அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றி, செல்வி சாப்பாடு அனுப்பும் அதே ஆபீஸுக்குப் போய்விட்டது.

செல்வி எனக்கு போன் செய்தாள். "அக்கா, நான் பசில கெடக்கேனாம். ஒரு ஆபீஸே என் சோத்த துன்னுட்டு ஏப்பம் வுடுது. எனக்கு பசியாம்." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "திங்கள்லேந்து சாப்பாடு வேணாம்னுட்டாங்கக்கா. இந்தக் கையாலதான் சமைக்கிறியான்னு கேட்டாங்க."

இருவரும் அந்த ஆபீஸுக்குப் போனோம். சாப்பாட்டு விஷயத்தைக் கவனிக்கிற கிரீஷ் நல்ல மனிதர், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். செல்வி நான் அனுப்பிய படத்தை நீட்டினாள். "பாருங்க சார். எல்லாத்தையும் கழுவி கவுத்து வெச்சிருக்கேன்."

அவர் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆயித்தும்மா, சரி... ஆனா இது பிளர்ரா இருக்கே. அது எவ்ளோ கிளியரா இருக்கு பாருங்க."

"பிளர்ரா இருந்தா பொய்யா சார்?"

கிரீஷ் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நான் நம்பறேன்மா. மேல இருக்கறவங்க அந்த போட்டோவ வெச்சுக்கிட்டு கேக்கறாங்க. எடுத்தவரே முழு போட்டோவ குடுத்தா, காட்டி பேசலாம். அஷ்டே, அவ்ளோதான்."

வெளியே வந்து மாஸ்டருக்கு போன் போட்டேன்.

"அது ஆர்ட் மேடம். அந்தம்மாவோட கஷ்டத்த உலகத்துக்கு காட்டியிருக்கேன்."

"அவளுக்கு இல்லாத கஷ்டத்தையா?"

"நீங்க ரொம்ப நேரடியா எடுத்துக்கறீங்க."

"வெட்டாத படம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா ஒரிஜினல் யாருக்கும் தர்றதில்ல. பாலிசி."

பக்கத்தில் நின்ற செல்வி கேட்டாள், "இன்னாக்கா சொல்றாரு?" நான் என்னத்தைச் சொல்ல? ஒரு வேளை சோற்றுக்கும் குறையில்லாமல் இருந்தவளுக்குப் 'பசி' என்று பெயர் வைத்தார். இப்போது அந்தப் பெயரை உண்மையாக்கிக்கொண்டிருக்கிறார்.

புதிதாக கேமரா வாங்கியிருக்கும் வாசகர்களே, உங்களுக்கு ஒன்று. லென்ஸைத் துடையுங்கள், வெளிச்சம் பாருங்கள், நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். வெட்டும் முன் எதை வெட்டுகிறோம் என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். அது யாருடைய பிழைப்பாகவும் இருக்கலாம்.

இனி மாஸ்டருக்கு. உங்கள் கண்காட்சி இன்னும் நடக்கிறது. அதே சுவரில், அதே உயரத்தில், பாத்திரங்களோடு அந்த முழுப் படத்தை மாட்டுவீர்களா, மாட்டமாட்டீர்களா? எனக்கு போன் செய்ய வேண்டாம். அந்தக் கூடத்தில், உங்கள் மாணவர்கள் எல்லாரும் நிற்கும்போது, செல்வியை நேராகப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

நாங்களும் கேமராவோடு வருகிறோம். முகம் கழுவ வேண்டாம், அப்படியே வாருங்கள். அதுதான் நேச்சுரல்.