அன்வர் பாய்க்குத் தங்கூசி, எனக்குப் பின்னல் நூல்

ஸ்டெல்லா மேடம் இறந்துவிட்ட செய்தியை அன்வர் பாய் தொலைபேசியில் சொன்னபோது, "எந்த ஸ்டெல்லா?" என்று கேட்டுவிட்டேன். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஸ்டெல்லாதான். பீன்யா தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர்; ஓய்வுக்குப் பிறகு எங்களைத் தூண்டிலோடு மால்பே கடற்கரைக்கு இழுத்துப்போனவர். அங்கே அவரோடு வந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கொரு குழப்பம். உங்களில் யாருக்காவது விளங்கலாம்.

முதல் பயணத்துக்கு முன், தூண்டில் நூலைச் சுற்றும் ரீல்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எடை, சுழற்சி, உப்புநீரைத் தாங்குமா என்று ஒப்பிட்டும் முடிவுக்கு வர முடியாமல் அவரிடம் போனேன். என் குறிப்புகளை அவர் கையில்கூட வாங்கவில்லை. "வீசுங்க சார், பாக்கலாம்" என்று பொம்மனஹள்ளியில் தம் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்துக்கு அழைத்துப்போனார். நூல் நுனியில் முள் இல்லை, வெறும் ஈயக்குண்டு. பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் கன்னடத்தில், மீன் கிடைத்ததா மேடம் என்று விசாரித்தார். டேங்கர் தண்ணீரே இன்னும் வரவில்லை, மீன் எங்கிருந்து வரும் என்று மேடமும் கன்னடத்திலேயே முகம் மாறாமல் சொன்னார்.

நூலைப் பிடித்த விரலை எடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீச்சிலும் தயங்கினேன். குண்டு காலடியிலேயே விழுந்தது. சிறிய ரீல், மெல்லிய பின்னல் நூல் என்று மேடம் முடிவு செய்தார். பின்னல் நூல் எளிதில் சிக்கும், புதியவர்களுக்கு நைலான் தங்கூசியே நல்லது என்று படித்திருந்தேன். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"சிக்கட்டுமே சார். உக்காந்து பிரிக்கிற பொறுமை உங்களுக்கு இருக்குது" என்றார்.

கடலிலிருந்து திரும்பியதும் ரீல்களை நல்ல தண்ணீரில் கழுவாமல் அவர் தூங்கமாட்டார். "உப்பு வீடு வரைக்கும் கூடவே வரும்" என்பார். கடைசியாகக் கழுவியபோது தம் ரீலிலிருந்த பழைய நூலையும் கழற்றி எறிந்திருக்கிறார். புது நூல் ஏற்றுமுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவர் மகள் மெர்லின் அந்த வெறும் ரீலைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தாள். "அம்மா எதப் போடுவாங்களோ அதையே போட்டு மால்பேல ஒரு தடவ வீசணும் அங்கிள்" என்றாள்.

தடித்த தங்கூசி என்றார் அன்வர் பாய், யோசிக்காமல். மேடம் அவருக்கு அதைத்தான் சொல்லியிருந்தாராம். பின்னல் நூல் என்றேன் நான்.

"ஆளுக்கொரு பேச்சு பேசற மனுஷியா அவங்க?" என்றார் அன்வர் பாய்.

மேடம் தமக்கு எதைப் போட்டிருந்தார் என்று இருவருக்கும் நினைவில்லை. அவருடைய கழி மணலில் ஊன்றியே நிற்கும்; அவர் எங்கள் சிக்கல்களைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

பிறகு யோசித்தேன். அன்வர் பாய் ஆடுகோடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மீன் கடித்தால் வாயே கிழியும்படி வெட்டி இழுப்பார். தங்கூசி நீண்டு கொடுத்து அதைத் தாங்கும். என் அரைமனது இழுப்போ, நீளாத பின்னல் நூலில்தான் முள்வரை போய்ச் சேரும். அப்படியானால் மேடம் அவரவர் கையைப் பார்த்து நூல் சொன்னாரா? அவர் கைக்கு எது? அதை நாங்கள் பார்க்கவே இல்லையே. இதுவும் நானாகக் கட்டிக்கொண்ட காரணமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு நூல்களையும் ஈயக்குண்டையும் எடுத்துக்கொண்டு அதே மைதானத்துக்குப் போனேன். முதலில் மேடத்தின் ரீலில் பின்னல் நூலை ஏற்றி, மெர்லினை வீசச் சொன்னேன். தயக்கமே இல்லை. குண்டு பறந்தது. திரும்ப இழுக்கையில் புல்லில் மாட்டிக்கொள்ள, அவள் வெடுக்கென்று இழுத்தாள். நூல் அறுந்தது.

"தங்கூசி போடும்மா" என்றேன்.

"அம்மா இதத்தான் போடுவாங்களா அங்கிள்?"

"தெரியலம்மா. உன் கைக்கு இதான்."

அவள் தங்கூசியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்துக்கொள்ள அவள் சுற்றினாள்.

சரியாகச் சொன்னேனா என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் அன்று, வழக்கம்போலத் தயங்கி, அன்வர் பாயை அழைத்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்டெல்லா மேடத்திடமிருந்து என்னிடம் தங்கியது அவ்வளவுதான்.