தகரத்தில் வரைந்த அம்மா

அப்பா இறந்த பிறகு எனக்கென்று வந்தது அம்மாவின் படம் ஒன்றுதான். மஞ்சள் சேலை, நெற்றியில் விழுந்த முடி, சிரிக்கப் போகிற உதடு. எனக்கு இரண்டு வயதிருக்கும்போது எங்கள் குடிசை எரிந்து அம்மா இறந்துபோனாள். போட்டோக்களும் அதோடு போயின. இந்தப் படத்துக்கு முன்னால்தான் நான் மெழுகுவர்த்தி ஏற்றி வளர்ந்தேன். யார் வரைந்தது என்று கேட்டால், ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

போன மாதம் படத்தின் மரச்சட்டம் உளுத்துப்போனதால் ராயபுரத்தில் ஒரு பிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பின்பலகையைக் கழற்றினார். படம் தகரத்தில் வரைந்திருந்தது. தகரத்தின் பின்னால் சிவப்புப் பெயிண்டில் இரண்டே சொற்கள்: ‘என் மனைவி.’

அது அப்பாவின் கையெழுத்து இல்லை.

“இந்த எழுத்து எனக்குத் தெரியும்மா. காசிமேட்டுல படகுக்கு நம்பர் எழுதிகினு இருந்தாரே ஒரு பெரியவரு, அவரு கை. இப்போ எர்ணாவூர் ஹவுசிங் போர்டுல கீறாரு” என்றார் கடைக்காரர்.

அம்மா இன்னொருவர் மனைவியா? அப்படியானால் நான் யார் பிள்ளை? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் படத்தை பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். திருவொற்றியூர் வருவதற்குள் இறங்கித் திரும்பிவிடலாமென்று இரண்டு தடவை எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

விசாரித்ததில் வீடு இரண்டாவது மாடி. கதவைத் தட்டினேன். திறந்தது என் அம்மா.

முடி நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் அதே நெற்றி, அதே உதடு. அம்மா சாகவே இல்லையா? அப்பா சொன்னதெல்லாம் பொய்யா? மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“யாருமா நீ? இன்னாத்துக்கு இப்பிடி பாக்குற?” என்றார் அந்த அம்மாள்.

பெட்ஷீட் நழுவியது. உள்ளே கட்டிலில் கிடந்த பெரியவர் படத்தைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

“ஹார்பர் கிரேன்காரரு பொண்ணா நீ? இது என் சம்சாரம்மா. கண்ணாலமான புதுசுல வரைஞ்சு, என் பெயிண்ட் கடைல மாட்டியிருந்தேன். உங்க நைனா வந்து, போட்டோ ஒண்ணுகூட இல்ல, நான் சொல்லச் சொல்ல வரைஞ்சு குடுன்னாரு. நானும் எத்தினியோ தபா வரைஞ்சேன். மூஞ்சி வரல. கடைசில இத்தப் பாத்து அழுதாரு. கொயந்தைங்க அம்மா எங்கன்னு கேக்குதுங்க, இத்தக் குடுத்துடுன்னு கால்ல வியுந்துட்டாரு. நான் இன்னா பண்றது?”

“எங்கம்மா இவங்க மாதிரிதான் இருந்தாங்களா?”

“நான் அவங்களப் பாத்ததே இல்லமா.”

அந்த அம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தொடக் கை நீட்டினார். நான் சட்டென்று பின்வாங்கினேன். இத்தனை வருஷம் நான் கும்பிட்ட முகம் கிட்டே வந்தபோது பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மீஞ்சூரிலிருக்கும் அண்ணனுக்கு போன் செய்தேன். குடிசை எரிந்தபோது அவனுக்கு ஏழு வயது. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“அம்மா நெஜமா இப்படித்தான் இருந்தாங்களா?”

மறுமுனையில் அவன் டிவியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“அதெல்லாம் இப்போ எதுக்கு? படத்த திரும்ப மாட்டிட்டியா இல்லியா?” என்றான்.