பிளாக்டவுனுக்கு வந்த மாமனார்

என் மாமனார் செத்த அடுத்த வருடம், குளிர் தொடங்கிய நாட்களில், அவுஸ்திரேலியாவில், பிளாக்டவுனில் எங்கள் பின்வளவு வேலியில் வந்து குந்தினார். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கண், கழுத்துக்குக் கீழே சிலிர்த்துக்கொண்டு நிற்கும் தாடி. வந்ததும் வராததுமாக வாயைத் திறந்து "ஆ... ஆ... ஆஆஆ" என்று இழுத்தார். ஊர்க் காகம் வெட்டி வெட்டிக் கரையும். இந்த நாட்டுக் காகம் கடைசிச் சத்தத்தை இழுத்து, கீழே இறக்கி, கேட்கிறவருக்கு என்னவோ பெரிய குறை வைத்துவிட்டோம் என்று தோன்றும்படி முடிக்கும். சாய்மனைக்கதிரையில் படுத்துக்கொண்டு, தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று மாமனார் இழுப்பதும் இதே மாதிரித்தான்.

குசினி யன்னலடியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பு வந்திருக்கிறார்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அது மாமனார்தான் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. கணவர் வேலைக்கு ரயில் ஏறப் போனதும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. வெறுங்காலோடு அதை மிதித்துக்கொண்டு ஓடி, வேலியில் ஓங்கி ஒரு அடி போட்டேன். மாமனார் எழும்பிப் பறந்தார். அந்தக் காலையில் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. வந்து இரண்டு வருடமாக அந்தக் குளிர் நாட்டில் அப்படிச் சிரித்ததேயில்லை.

மற்றப் பறவைகளைக் கேட்டால் நான் அவைக்குத் தாய். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்தத் தெருவில் தமிழ் பேச இன்னொரு ஆள் கிடையாது. பகல் முழுவதும் வீட்டில் தனியே இருந்து பைத்தியம் பிடிக்காமல் இருந்தது பறவைகளால்தான். மக்பை என்று கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று. விடியற்காலையில் அது பாடினால் தண்ணீர்ப் பானைக்குள் குழல் ஊதுவதுபோல் இருக்கும். குக்கபரா என்கிற பெருந்தலையன் துணி காயப்போடும் கம்பியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பான், ஆனால் சாப்பாடு கேட்டுக் கத்தமாட்டான். சிவப்பும் நீலமுமாக ரொசெல்லாக் கிளிகள் சோடி சோடியாக வரும். அவைக்குப் பாண் துண்டு, சூரியகாந்தி விதை. மக்பைக்கும் குக்கபராவுக்கும் அரைத்த இறைச்சி. அதைப் பக்கத்து வீட்டுக் கிழவி ஒவ்வொரு காலையும் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணத்தில் நீட்டுவாள். குளிரில் புழு பூச்சி மண்ணுக்குக் கீழே போய்விடும், பாவங்கள் என்பாள். என்ன மிருகத்தின் இறைச்சி என்று நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. கையில் படாமல் ஒரு பழைய கரண்டியால் அள்ளிப் போடுவேன்.

எல்லாவற்றுக்கும் போடுவேன், காகம் வந்தால் மட்டும் துரத்துவேன். விளக்குமாறு, தண்ணீர்க் குழாய், ஈரச் சீலை, கையில் எது அகப்பட்டதோ அது. கிழவிக்கு இது விளங்கவில்லை. அதுவும் பறவைதானே, அதை மட்டும் ஏன் கலைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் இதை எப்படி விளக்குவது? "ஃபமிலி புரொப்ளம்" என்றேன். கிழவி கொஞ்ச நேரம் காகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அந்தக் குடும்பப் பிரச்சினை இதுதான்.

என் ஐயா யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். மாமனார் அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். மகன் பிடிவாதம் பிடித்தபடியால் கலியாணத்துக்குத் தலையாட்டினார். கலியாணம் முடிந்து நாலாம் சடங்கு விருந்து எங்கள் வீட்டில். ஐயா அன்றைக்குச் சமையற்காரனை நம்பாமல் தானே அடுப்படியில் நின்றவர். ஊர் உலகத்துக்கெல்லாம் சாப்பாடு போட்ட மனுசன், மாப்பிள்ளை வீட்டுக்காரர் வாய் திறந்து ஒரு நல்ல சொல் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டார். தலைவாழை இலை போட்டு, எல்லாக் கறியும் வைத்து, சோற்று வாளியோடு ஐயா மாமனாருக்கு முன்னால் குனிந்தார். மாமனார் இலையைப் பார்த்தார். "தேத்தண்ணிக் கடைக்காரன்ரை கைச் சோறு எனக்குச் செமிக்காது" என்று சொல்லிவிட்டு எழும்பினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படலை தாண்டிப் போய்விட்டார்.

ஐயா குனிந்தபடியே நின்றார். வாளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை அந்த மனுசனுக்கு.

அதற்குப் பிறகு ஐயா என் வீட்டுக்கு வந்ததேயில்லை. சைக்கிளில் வந்தால் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்வதற்குள் வந்து சேரக்கூடிய தூரம். மாமனார் அவரை வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார், என் கணவர் அதற்கு வாய் திறக்கவில்லை. நான்தான் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். உன்ரை குசினி எப்பிடி, அடுப்பு புகையுதோ என்று ஐயா கேட்பார். நாங்கள் அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட முந்தியே அவர் போய்விட்டார். மகள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே போய்ச் சேர்ந்தார். மாமனார் செத்த தந்தி வந்தபோது நான் அழுதேன்தான். நான் கறுவிக்கொண்டிருந்த கிழவன் என் கையில் அகப்படாமல் தப்பிவிட்டானே என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

இப்போது விளங்கும், காகத்தைக் கண்டபோது நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று. கடல் கடந்து, பாஸ்போர்ட் இல்லாமல், என் வளவுக்கே வந்து நின்றார். அவரைப் பசியோடு திருப்பி அனுப்புகிற அதிகாரம் எனக்குக் கிடைத்தது. சும்மா விடுவேனா?

மாமனாரின் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசை. இங்கே ஆடி மாதம் நடுக்குளிர். என் கணவர் லீவு போட்டுவிட்டு விடியவே தலையில் பச்சைத் தண்ணீர் வார்த்தார். பல் கிடுகிடுக்க வேட்டியைக் கட்டி, மேலே சுவெட்டரைப் போட்டு, திருநீறு பூசிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் இருந்தார். நான் மரக்கறி சமைத்தேன். அன்றைக்குக் கட்டாயம் வைக்கவேண்டிய காத்தோட்டிக்காய்க்கு எங்கே போவது? அதற்குப் பதிலாகச் சீனக் கடையில் வாங்கிய பாகற்காய். சமையலில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பருப்புக்கு நெய் விட்டேன், பாயாசத்துக்கு முந்திரிகை போட்டேன். அதெல்லாம் என் ஐயா பழக்கிய கை.

மத்தியானம் கணவர் ஒரு தட்டில் சோறு கறி எல்லாம் எடுத்து, வேலியோரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கா கா என்று கூப்பிட்டார். காகம் வரவில்லை. வரும் என்று அவர் நம்பியிருந்தார். நான் விளக்குமாற்றோடு செய்த ஊழியம் அவருக்குத் தெரியாது. கிழவி வீட்டு டீவி அன்ரெனாவில் மாமனார் இருந்தார். தட்டைப் பார்த்தார், குசினி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார். காகம் வாய் வைக்காமல் இவர் சாப்பிடமாட்டார். குளிர்காற்று வேட்டியைப் பிடித்து இழுக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நேரம் போனது. மக்பை வந்து சோற்றைக் கிளறிவிட்டுப் போனது. அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. முகம் வாடிப்போனது. உள்ளே வந்து என்னிடம் சொன்னார், "அப்புவுக்கு என்னிலை கோவம். கடைசி நேரத்திலை நான் பக்கத்திலை இருக்கேல்லை எண்டு கோவம். அதுதான் இந்த வீட்டிலை வாய் வைக்கிறாரில்லை."

இந்த வீட்டில் வாய் வைக்கிறாரில்லை. அந்தச் சொல் என் காதில் ஏறியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடி மடைச்சி, என்ன வேலை செய்தாய் நீ? அவரைப் பட்டினி போடுவதாக நினைத்து இத்தனை நாளும் அவருக்கு உதவியல்லவா செய்திருக்கிறேன்! எங்கள் கைச் சோறு வேண்டாம் என்று எழும்பிப் போன கிழவன், செத்த பிறகும் அதே மாதிரி, அதே கொழுப்போடு, உயரத்தில் இருந்து தட்டைப் பார்த்துக்கொண்டு தலையைத் திருப்புகிறார். நானே விளக்குமாறு பிடித்து அவரைத் திரும்பவும் வெல்ல வைத்திருக்கிறேன். விட்டேனா பார் என்று சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன்.

கணவரைச் சாமி படத்துக்கு முன்னால் போய் இருந்து கும்பிடச் சொல்லிவிட்டு, வேலியடிக்குப் போய்க் கிழவியைக் கூப்பிட்டேன். கிண்ணத்தைக் கேட்டேன். இறைச்சி தந்தாள். அதைப் பழைய கரண்டியால் எடுத்து, தட்டில் இருந்த சோற்றை விலக்கி, அடியில் வைத்து, மேலே பருப்பும் பாகற்காயும் போட்டு மூடினேன். ஆடி அமாவாசையில், சைவப் பழமான மாமனாருக்கு. ஒரு துண்டை மட்டும் சோற்றுக்கு மேலே தெரியும்படி விட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

அவரையும் கூப்பிட்டு, யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். காகம் இறங்கியது. அன்ரெனாவில் இருந்து வேலிக்கு, வேலியில் இருந்து புல்லுக்கு, புல்லில் பக்கவாட்டாகத் தத்தித் தத்தித் தட்டுக்கு. மேலே கிடந்த துண்டைத் தூக்கி விழுங்கியது. பிறகு சோற்றைக் கிண்டியது. பருப்பும் சோறும் அலகில் அப்ப, தலையை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தின்றது. தட்டை வழித்துத் தின்றது. இறைச்சி வைத்த கதையை நான் என் கணவரிடம் சொல்லவேயில்லை.

"அப்பு சாப்பிட்டிட்டார்" என்றார் அவர். கண்ணைத் துடைத்தார்.

"ஓம், சாப்பிட்டிட்டார்" என்றேன். "தேத்தண்ணிக் கடைக்காரன்ரை மகள் சமைச்ச சோறு. வடிவாய்ச் செமிக்கும் எண்டு சொல்லுங்கோ அவருக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அந்த விருந்தைப் பற்றி நாங்கள் ஒரு சொல் பேசியதில்லை. பிறகு மேசையில் போய் இருந்தார். முதல்நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ஆள். நான் சோற்றுச் சட்டியும் அகப்பையுமாகப் பக்கத்தில் நின்றேன். போடவில்லை. என் கோபம் காகத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அவருடைய வெறும் தட்டைக் கண்டதும்தான் மிச்சம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"அண்டைக்கு அவர் எழும்பினவுடனை நீங்களும் எழும்பினனீங்கள்" என்றேன்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பனுக்குப் பின்னால் படலை வரைக்கும் போனவர். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தவர்தான், என்னைக் கூட்டிப் போகிறதுக்கு. இலைக்கு முன்னால் இருந்து சாப்பிட வரவில்லை.

"ஓம்" என்றார். "எழும்பினனான்." பிறகு, குரலை இறக்கி, "இண்டைக்கு மாமாவுக்கும் ஒரு தட்டு வைப்பம்" என்றார்.

"வைச்சாலும் வரமாட்டார். கூப்பிடாத வீட்டுக்கு என்ரை ஐயா ஒருநாளும் போனதில்லை."

நான் சட்டியை மேசையில் வைத்து மூடினேன். அவர் மூடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எழும்பினார். இன்னொரு தட்டை எடுத்து, தானே சோறு போட்டு, கறிகளை ஒவ்வொன்றாக வைத்து, பாயாசத்தைச் சின்னக் கோப்பையில் விட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்வளவுக்குப் போனார். துணிக் கம்பிக்குக் கீழே தட்டை வைத்தார். நான் வாசலில் சாய்ந்துகொண்டு நின்றேன். கிழவி வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவளை ஒருக்கால் பார்த்துவிட்டு, வாய்க்குள், "மாமா, வாங்கோ" என்றார்.

"கேக்கேல்லை" என்றேன். "ஐயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பலமாய்க் கூப்பிடுங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார். "மாமா!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். "மாமா, எங்கடை வீட்டுக்கு வாங்கோ. சாப்பிட வாங்கோ, மாமா." கிழவி துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். மரங்களில் ஒரு பறவை இல்லை. திரும்பவும் கூப்பிட்டார். அவருக்குக் குரல் உடைந்தது. போதும் என்று நான் சொல்லவில்லை.